ரிமாண்டுக்குப் போன காப்பு

தலையாரி கிருஷ்ணசாமி திண்டிவனத்திலிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு வார்த்தை. மறந்துபோகுமோ என்று ஆறு மைலும் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறான். புளியந்தாங்கலுக்குள் நுழைந்ததும் நேராக விருத்தாசலத்தின் கிணற்றுமேட்டுக்குப் போனான். அங்கே விருத்தாசலத்தின் பெண்சாதி அம்சா மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

கவலை ஓட்டுவது ஆம்பிளை வேலை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மாட்டுக்கு அது தெரியாது. அவள் அதட்டினால் சரிவில் இறங்கியது, கிணற்றிலிருந்து சால் ஏறித் தொட்டியில் தண்ணீரைக் கொட்டியது. அவள் இழுத்தால் பின்வாங்கி மேடேறியது, சால் மறுபடி கிணற்றில் இறங்கியது. நட்டு எட்டு நாளான கேப்பைப் பயிர் வாடி நின்றது. ஆவணி பிறந்தும் மழையில்லை. அவர்களுடைய சொந்தச் சால் போலீஸ் கைக்குப் போய்விட்டதால் பங்காளி வீட்டு ஓட்டைச் சால் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தாள். பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

“அம்சாக்கா, ரிமாண்டு பண்ணிட்டாங்க” என்றான் கிருஷ்ணசாமி.

“அப்டின்னா?”

“ரிமாண்டு.”

“அது கேட்டுச்சுடா. அப்டின்னா என்னா?”

“எனக்கென்னா தெரியும்? போய் சொல்லுன்னாங்க, சொல்லிட்டேன். பதினஞ்சு நாளு ரிமாண்டாம். கோர்ட்டுல அந்தத் தொரை வாயால சொன்னதை எங்காதால கேட்டேன்.”

மாடு பாதிச் சரிவில் நின்றுவிட்டது. அம்சா உட்கார்ந்திருந்த வடக்கயிற்றிலிருந்து இறங்கினாள்.

நடந்தது இதுதான். யுத்தத்தில் ரங்கூன் அரிசி நின்றுபோன அந்த வருஷம், ஆவணி முதல் வாரத்தில், ஒலக்கூருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ரயில்பாதை ஓரமாகத் தந்திக்கம்பியை யாரோ அறுத்துப் போட்டுவிட்டார்கள். அறுத்தவர்கள் போன திசை தெரியவில்லை. மறுநாள் அந்தப் பக்கம் மாடு மேய்க்கப் போன விருத்தாசலம், புல்லில் கிடந்த இரண்டு முழக் கம்பியைப் பார்த்தான். அவன் வீட்டுச் சாலின் வாய்வளையம் விட்டுப்போய் ஒரு மாதமாகிறது. நல்ல கம்பி, துருப்பிடிக்காத கம்பி. எடுத்துவந்து வளையத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். வேறு ஊர்க்காரன் என்றால் கம்பியை ஒளித்திருப்பான். இவன் அதை நாளைக்கு நூறு தடவை கிணற்றிலிருந்து ஏற்றி வெயிலில் காட்டினான். நாலாம் நாள் லாரியில் போலீஸ் வந்தது. கம்பி கட்டின சாலையும் ஏற்றிக்கொண்டார்கள், அவனையும் ஏற்றிக்கொண்டார்கள்.

அதோடு போயிருந்தால் அது ஒரு வீட்டுக் கஷ்டம். ஆனால் அவன் வலது மணிக்கட்டில் காப்பு இருந்தது.

புளியந்தாங்கல் திரௌபதையம்மன் கோயில் தீமிதிக்கு ஒன்பது பேர் காப்புக் கட்டுவார்கள். பதினெட்டு நாள் விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் வீட்டில் ஆக்கினது. பாய் தனி. ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக்கூடாது. மஞ்சள் தோய்த்த ஒரே கயிற்றை ஒன்பதாக அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் துண்டு கோத்து, பூசாரி பாண்டுரங்கன் கட்டிவிடுவார். மூன்று சுற்று, மூன்று முடிச்சு. அதை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் முடியும். தீ மிதித்த பிறகு ஒன்பதையும் ஒன்றாக அறுத்து அதே நெருப்பில் போட வேண்டும். ஒரே கயிறு ஒன்றாகத்தான் போகணும் என்பது அந்த ஊர்ச் சட்டம். காப்பு முழுசாகத் தீயிடம் போய்ச் சேராவிட்டால் வேண்டுதல் ஏறாது, சாமி கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள்.

விருத்தாசலம் காப்புக் கட்டியது மகள் சின்னபொண்ணுக்காக. போன மாசியில் அம்மை வார்த்து, வாழை இலையில் போட்டு, பதினோரு நாள் பிழைக்குமா பிழைக்காதா என்று கிடந்தது குழந்தை. ஒரு கண்ணில் பூ விழுந்ததோடு பிழைத்துவிட்டது. அதற்காகத்தான் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். அம்சாவுக்கு இப்போது கோர்ட்டுப் பயம் ஒன்றும் பெரிதாக இல்லை. பயமெல்லாம் குழந்தையைப் பற்றித்தான்.

சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. கிருஷ்ணசாமி கொண்டுவந்த வார்த்தையை நடுவில் போட்டு ஆளாளுக்குப் புரட்டிப் பார்த்தார்கள்.

“ரிமாண்டுங்கறது பட்டணத்துக்கு அந்தாண்ட ஒரு ஊரு” என்றான் ஒருவன்.

“ஊருன்னா ரிமாண்டுக்கு அனுப்பிட்டேன்னு இல்ல சொல்லணும்? பண்ணிட்டேன்னு சொன்னாராம். அப்ப அது அடி. பிரம்படி” என்றான் பாரவண்டி வைத்திருக்கும் சீனுவாசன். அவனும் காப்புக் கட்டினவன்.

நாட்டாமை கோதண்டபாணி கையை உயர்த்தினார். அவர் மணிக்கட்டிலும் காப்பு மஞ்சளாகத் தெரிந்தது.

“எந்த எழவாவது இருந்துட்டுப் போவட்டும். கம்பிக்குப் பின்னால இருக்கறானா இல்லியா? அப்ப அது ஜெயிலு. ஜெயிலுக்குப் போனவன் காப்பு அறுந்த மாதிரிதான். எட்டுப் பேரை வச்சி நடத்திடலாம்.”

“மாமா, அது ஜெயிலுதான்னு ஒங்களுக்கு எப்டித் தெரியும்?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து அம்சா கேட்டாள்.

“இல்லன்னு ஒனக்கு எப்டித் தெரியும்?”

“தெரியாது. கேட்டுக்கினு வர்றேன். அதுவரைக்கும் அறுந்துச்சுன்னு சொல்லாதீங்க.”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பூசாரி பாண்டுரங்கன் சிரிக்கவில்லை. “கேட்டுக்கினு வரட்டும். தெரியாத வார்த்தைக்கு நாம ஏன் தீர்ப்பு சொல்லணும்?” என்றார்.

மறுநாள் விடிந்ததும் உப்பில்லாமல் கேப்பைக் களி கிண்டி, உருண்டையை இலையில் சுற்றித் தூக்குச்சட்டியில் வைத்துக்கொண்டு அம்சா கிளம்பினாள். குழந்தையைப் பங்காளி வீட்டில் விட்டாள். திண்டிவனம் சப் ஜெயில் தாலுக்கா கச்சேரிக்குப் பக்கத்திலேயே இருந்தது. வெள்ளையடித்த சுவர், ஒரு சின்னக் கதவு, கதவுக்கு முன்னால் துப்பாக்கியோடு தூங்கி வழிகிற ஒருவன். இவ்வளவு சின்ன இடத்துக்கா இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊர்க் களத்துமேட்டில் இதைப்போல மூன்று கட்டலாம்.

வேப்பமரத்து நிழலில் ஒரு பெண்பிள்ளை துடைப்பத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. ஜெயிலைப் பெருக்கிக் கழுவுகிற சவுரியம்மாள் அவள். ஊரில் என்றால் அம்சா பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள். இங்கே நிழலே அவ்வளவுதான் இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, ரிமாண்டுன்னா என்னா?”

சவுரியம்மாள் திரும்பிப் பார்த்தாள். “இருவது வருசமா இங்க பெருக்கறேன். உள்ள இருக்கறவன் எப்ப வருவான்னு கேப்பாங்க, அடிக்கறாங்களான்னு கேப்பாங்க. இதை யாரும் கேட்டதில்ல. நீ எதுக்குக் கேக்கற?”

அம்சா சொன்னாள். காப்பு, குழந்தை, எட்டுப் பேர் எல்லாம் சொன்னாள்.

“இங்கிலீசுல என்னான்னு எனக்குத் தெரியாது. பழக்கத்துல சொல்றேன், கேட்டுக்கோ” என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு விரல் மடக்கினாள் சவுரியம்மாள். “தண்டனை ஆயிடுச்சின்னா கடலூருக்கு அனுப்பிடுவாங்க. அங்க மொட்டை. அரைக்கயித்த அறுத்துடுவாங்க. சர்க்கார் சட்டை, சர்க்கார் நம்பரு, சர்க்கார் களி. வேலை வாங்குவாங்க. ரிமாண்டுன்னா அதெல்லாம் கெடையாது. அவன் வேட்டி அவன் இடுப்புல. அவன் மயிரு அவன் தலைல. வேலை சொல்ல முடியாது. வூட்டுச் சோறு வந்தா அதைத்தான் துன்னலாம். கேஸு முடியற வரைக்கும் அவன் கள்ளனும் இல்ல, நல்லவனும் இல்ல.”

“கைல கட்டின கயிறு?”

“பூணூலு, தாயத்து, சிலுவை, ஒண்ணையும் தொட மாட்டாங்க. ஒங்கூட்டுக்காரரு ரெண்டு நாளா பட்டினி. களியைத் தொடமாட்டேன்றாரு. பைத்தியமோன்னு வார்டர் பயந்துக்கினு இருக்காரு. ஜல்தி சட்டியக் குடு.”

கம்பிக்கு அந்தப் பக்கம் விருத்தாசலம் வந்து நின்றான். தாடி முளைத்திருந்தது. களி உருண்டையைக் கையில் வாங்கினதும் முதலில் அவன் கேட்டது, “நீயே கிண்டினியா?” என்பதுதான். உள்ளேயும் கேப்பைக் களி, வெளியேயும் கேப்பைக் களி. யார் கிண்டியது என்பதில்தான் அவனுடைய விரதம் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அவசரமில்லாமல் பிட்டுத் தின்றான். அம்சா அவன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று முடிச்சும் இருந்தன.

“எல்லையத் தாண்டிட்டனே அம்சா” என்றான்.

“லாரிலதானே தாண்டின? கால் வச்சியா?”

அவன் யோசித்தான். “இல்ல. தூக்கித்தான் போட்டாங்க.”

“அப்ப சும்மா இரு.”

சவுரியம்மாள் சொன்னது பழக்கம். அம்சாவுக்கு வார்த்தையின் அர்த்தமும் தெரிய வேண்டியிருந்தது. கச்சேரித் தாழ்வாரத்தில் பெட்டிஷன் எழுதும் வெங்கடாசலத்திடம் போனாள். அட்டை போன தடிப் புத்தகம் ஒன்றைத் துணியில் கட்டிப் பக்கத்தில் வைத்திருப்பார் அந்த மனுஷர். மனு எழுதுவதைவிட அதைப் புரட்டுவதில்தான் அவருக்கு ருசி. அந்த ருசியால் பாதி வாடிக்கை பக்கத்து மரத்தடியில் மனு எழுதுகிறவனிடம் போய்க்கொண்டிருந்தது. இவள் கேட்டதும், எழுதிக்கொண்டிருந்த மனுவை அப்படியே போட்டுவிட்டுத் துணியை அவிழ்த்தார்.

“இது வெள்ளைக்காரன் வார்த்தையே இல்லம்மா. லத்தீன்னு ஒரு பழைய பாஷை, அதுலேர்ந்து பிரெஞ்சுக்காரன் எடுத்தான், அவங்கிட்டேர்ந்து இவன் எடுத்தான். லத்தீன்ல கைக்கு மானுஸ்னு பேரு. கைல குடுக்கறது, ஒப்படைக்கறது, அதுதான் பின்பாதி. முன்னாடி இருக்கற ‘ரி’ன்னா திரும்ப. சேத்துப் பாரு.”

“திரும்பக் கைல குடுக்கறது.”

“அவ்ளோதான்!” அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

“யாரு, யாரு கைல குடுத்தாங்க?”

“போலீஸ் ஒங்கூட்டுக்காரரைக் கொண்டாந்து மாஜிஸ்டிரேட் கைல குடுத்தான். அவரு, நான் இன்னம் பாக்கல, பதினஞ்சு நாளு வச்சிருந்து அப்பறம் கொண்டான்னு திரும்பக் குடுத்துட்டாரு. குத்தம் உண்டுன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல.”

அம்சா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். “திரும்பக் குடுக்கறதுன்னு ஆனப்பறம், எங்கைல ஏன் குடுக்கல? எங்கிட்டேர்ந்துதானே எடுத்துக்கினு போனாங்க?”

வெங்கடாசலம் புத்தகத்தை மூடினார். அப்படி ஒரு கேள்வி அந்தப் புத்தகத்தில் இல்லை.

“அதுக்கு ஜாமீன்னு வேற பேரும்மா. ஒருத்தருக்கு ரெண்டு பேரா வரணும். நெலம் பட்டா இருக்கணும். கேட்டப்ப கொண்டாந்து நிறுத்தறேன்னு கையெழுத்துப் போடணும்.”

அன்று சாயங்காலம் மறுபடி கூட்டம். ஆறு மைல் போய் ஆறு மைல் வந்த கால், ஆனாலும் அம்சா உட்காராமல் நின்றே பேசினாள். மயிர் இருக்கிறது, வேட்டி இருக்கிறது, வீட்டுக் களிதான் தின்கிறார், காப்பு மூன்று முடிச்சோடு இருக்கிறது. கால் எல்லைக் கல்லைத் தொடவில்லை, லாரிதான் தொட்டது. லத்தீனையும் விடவில்லை. “திரும்பக் கைல குடுக்கறதுன்னு அர்த்தமாம்” என்றதும் ஊரே சிரித்தது.

“என்னாம்மா கதை உடற? பூட்டி வச்சா ஜெயிலு” என்றார் கோதண்டபாணி.

“மாமா, போன வருசம் ஒங்க செவலை மாடு அடுத்தவங்க கொல்லையில மேஞ்சிச்சின்னு பவுண்டுல அடைச்சாங்களே. எட்டு நாளு பூட்டி இருந்துச்சே. அப்ப அது யாரு மாடு?”

“எம்மாடுதான். வேற யாரு மாடு?”

“அடிமாட்டுக்குப் போன மாடுன்னு யாராச்சும் சொன்னாங்களா? இட்டாந்து பொங்கலுக்குப் பொட்டு வச்சீங்களே. இதுவும் அந்தப் பவுண்டுதான்.”

இப்போது சிரித்தது வேறு சிரிப்பு. நாட்டாமையின் செவலையை அறியாதவர் ஊரில் இல்லை. பூசாரி பாண்டுரங்கன் தாடியைச் சொறிந்துகொண்டார்.

“அவ சொல்றது ஞாயம். தன் இஷ்டத்துக்கு எல்லை தாண்டினாதான் தப்பு. கயிறு அறுந்தாதான் காப்பு அறுந்துச்சு. ஒம்போது பேருதான்.”

“அப்ப ஜாமீனுக்கும் ஒங்கள்ல ரெண்டு பேரு வந்துடுங்க மாமா” என்று அம்சா அந்தச் சூட்டோடு கேட்டாள்.

கோதண்டபாணி எழுந்துவிட்டார். “சர்க்கார் தந்திக்கம்பி. நாளைக்கு எங்கிணத்துலயும் வந்து எட்டிப் பாப்பான். காப்புக் கட்டிக்கினு எல்லை தாண்டவும் முடியாது. பதினஞ்சாம் நாளு வாய்தா, அன்னிக்குத்தான் தீமிதி. காலைல உட்டா சாயங்காலம் வந்து மிதிக்கட்டும்.”

அந்தப் பதினைந்து நாளும் அம்சா எப்படி ஓட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. விடியுமுன் இரண்டு பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுவாள், களி கிண்டுவாள், ஆறு மைல் நடப்பாள், சட்டியைக் கழுவித் திரும்புவாள். ஒருநாள் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பயிருக்கு நல்ல மழை. முந்தானையால் சட்டியை மூடிக்கொண்டு மழையில் அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

வாய்தா அன்று ஊரில் விடியற்காலையிலேயே குழி வெட்டி, புளியங்கட்டை அடுக்கிவிட்டார்கள். கோர்ட்டுத் தாழ்வாரத்தில் விருத்தாசலத்தைக் கை விலங்கோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். இன்னொரு கைதியோடு சேர்த்துப் பூட்டின விலங்கு. அந்த ஆள் சளைத்துப்போய் உட்கார்ந்தால் இவன் கை இழுபடும், எழுந்தால் இழுபடும். உள்ளே கூப்பிட்டார்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்கூட ஆகவில்லை, வெளியே வந்தார்கள். கம்பியை அறுத்தவர்களை இன்னும் பிடிக்கவில்லையாம்.

“மறுபடி பதினஞ்சு நாளு ரிமாண்டு” என்றார் வெங்கடாசலம், மெதுவாக.

கூடப் பூட்டியிருந்த ஆள் தடுக்கி விழுந்தான். விலங்கு விருத்தாசலத்தின் மணிக்கட்டில் ஏறி இறங்கியது. மஞ்சள் கயிறு அறுந்து தரையில் விழுந்தது.

விருத்தாசலம் அதைப் பார்த்தான். அம்சா குனிந்து எடுத்தாள். அவளுக்கு யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டாள். போலீஸ்காரன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது புருஷனின் கையைப் பிடித்து, அறுந்த நுனிகளைச் சேர்த்து, கேப்பை நாற்றைக் கட்டுக் கட்டாகக் கட்டுவாளே, அந்த முடிச்சைப் போட்டாள். வேறு முடிச்சு அவளுக்குத் தெரியாது.

“அம்சா, அறுந்துடுச்சுடி.”

“கைலதான் இருக்குது. போ” என்றாள். திரும்பி நடந்தபோது ஆறு மைலும் அழுதாள். குழந்தையின் பூ விழுந்த கண்ணே முன்னால் நின்றது.

ஊரில் அவள் சொன்னது ஒன்றுதான். “மறுபடி ரிமாண்டு.” முடிச்சைப் பற்றிச் சொல்லவில்லை.

அப்போதுதான் புளியந்தாங்கலுக்கு விஷயம் உறைத்தது. ஒன்பது பேர் என்று ஊரே ஒத்துக்கொண்டாயிற்று. ஒன்பதில் ஒன்று வரவில்லை என்றால் குழிக்கு நெருப்பு வைக்க முடியாது. தீ மிதிக்காமல் காப்பை அறுக்க முடியாது. அறுக்காமல் எல்லையைத் தாண்ட முடியாது. சீனுவாசனின் பெண்சாதிக்கு மயிலத்தில் தாய்வீட்டில் ஆண்பிள்ளை பிறந்து நாலு நாளாகிறது. முகம் பார்க்கப் போக முடியவில்லை. அவன் வண்டி சக்கரம் உருளாமல் நின்றது. இன்னொருவனின் மச்சான் கல்யாணம் அவனில்லாமலே நடந்து முடிந்தது. கருவாட்டு வாசனை வந்தால் எட்டுப் பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்கள். பாயைத் தனியாக விரித்துப் பதினெட்டு நாள் படுப்பது விரதம், இருபத்துமூன்றாம் நாளும் படுப்பது வேறு சங்கதி.

“தப்பும் பண்ணல, கும்பிட்டதும் முடியல. எத்தினி நாளைக்குன்னும் தெரியல” என்று சீனுவாசன் வண்டி நுகத்தில் உட்கார்ந்து புலம்பினான். “அந்த எழவு வார்த்தைக்கு அர்த்தம் இப்பதான்யா எனக்குப் புரியுது.”

ஐந்தாம் நாள் காலை கோதண்டபாணி பட்டாவை மேல்துண்டில் முடிந்துகொண்டு கோயிலுக்கு வந்தார்.

“பாண்டு, லாரில போனவனுக்கு ஆன ஞாயம் வண்டில போறவனுக்கு ஆவாதா?”

பூசாரி அவரை நிதானமாகப் பார்த்தார். “தன் இஷ்டத்துக்குப் போனாதான் தப்புன்னு சொன்னேன்.”

“இஷ்டமா? யாருய்யா இஷ்டப்பட்டு ஜாமீனுக்குப் போவான்? பேஜாரு புடிச்சில்ல போறேன்!”

“அப்ப தப்பில்ல.”

எல்லைக் கல்லை வண்டி தாண்டும்போது நாட்டாமையும் சீனுவாசனும் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். பார்த்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அம்சா பின்னால் நடந்தாள். கோர்ட்டில் வெங்கடாசலம் ஜாமீன் பத்திரத்தை எழுதிப் படித்துக் காட்டினார். பிரதி வாய்தாவுக்கும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவேன் என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சவுரியம்மாள் துடைப்பத்தோடு வாசல் வரைக்கும் வந்து, “ஏ பொண்ணே, குழந்தையக் கொண்டாந்து ஒருநாள் காட்டு” என்றாள். திரும்பும் வழியில் விருத்தாசலம் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டே வந்தான்.

பொழுது சாயும்போது குழியில் நெருப்பு பரவிக் கிடந்தது. உடுக்கை அடிக்கத் தொடங்கினார்கள். ஒன்பது பேரும் குளித்து ஈர வேட்டியோடு வரிசையாக நின்றார்கள். பூசாரி மஞ்சத்தண்ணீர்ச் சொம்போடும் வேப்பிலையோடும் ஒவ்வொருவராக வந்தார். காப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்து, தண்ணீர் தெளித்து, அடுத்தவனிடம் போவார். அது வழக்கம். அம்சா அதை மறந்துவிட்டிருந்தாள். இடுப்பிலிருந்த குழந்தையை அவள் அழுத்திப் பிடித்ததில் அது சிணுங்கியது.

எட்டாவது ஆள் முடிந்தது. விருத்தாசலத்தின் மணிக்கட்டில் பூசாரியின் விரல் நின்றது.

“என்னா பாண்டு?” என்றார் கோதண்டபாணி.

“இது நான் போட்ட முடிச்சு இல்ல.”

உடுக்கை நின்றது. விருத்தாசலம் தலையைக் குனிந்துகொண்டான். அம்சா குழந்தையோடு ஆண்கள் பக்கம் வந்தாள். அங்கே பெண்கள் வருவதில்லை. யாரும் தடுக்கவில்லை.

“நான் போட்டேன்” என்றாள். “கோர்ட்டுல விலங்கு இழுத்து அறுந்துடுச்சு. கீழ வுழுந்ததை எடுத்துக் கட்டினேன். சொன்னா எட்டுப் பேருன்னு சொல்லிடுவீங்கன்னு சொல்லல. அவரு மேல ஒண்ணும் இல்ல. தப்புன்னா எந்தலைல போடுங்க. எங்கொழந்தை மேல போடாதீங்க.”

கோதண்டபாணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பூசாரி கையைக் காட்டினார்.

“வேற கயிறா?”

“அதே கயிறுதான். அதே மஞ்சத் துண்டுதான்.”

“வேற யாரு கைலயாச்சும் குடுத்தியா?”

“இல்ல. அவரு கைலயே.”

பூசாரி வேப்பிலையால் தாடையைத் தேய்த்துக்கொண்டார்.

“அந்தப் பழைய பாஷை வார்த்தைக்கு என்னாம்மா அர்த்தம்னு சொன்ன? ஊரே சிரிச்சிச்சே?”

அம்சா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “திரும்பக் கைல குடுக்கறது.”

“இவ்ளோ நாளா அதைத்தான் யாரும் பண்ணல. நீ பண்ணியிருக்க” என்றார். விருத்தாசலத்தின் கையில் மஞ்சத்தண்ணீரைத் தெளித்தார். “அடிங்கடா உடுக்கையை!”

ஒன்பது பேரும் நடந்தார்கள். விருத்தாசலம் கடைசியாக நடந்தான். வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை, கவலை ஓட்டுகிறவன் நடையில் நடந்து, நெருப்பு முடியும் இடத்துப் பால்குழியில் காலை வைத்தான்.

காப்பு அறுக்கும்போது பூசாரி கருக்கரிவாளால் எட்டையும் அறுத்து நெருப்பில் போட்டார். ஒன்பதாவது கை நீண்டதும் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினார்.

“எனக்கு இந்த முடிச்சு தெரியாது. நீயே வா.”

அம்சா குழந்தையை இறக்கிவிட்டு வந்தாள். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்து கயிறு முழுசாக அவள் கைக்கு வந்துவிட்டது.